ரிங்லெட் (கேமரன் மலை, மலேசியா) குளிருக்குப் பாப்பா ஸ்வெட்டர்: பாதியில டிசைன் மறைஞ்சு போகுது, ஏன்?

பச்சைமேடு

அக்காமார்களுக்கு வணக்கம். ஒரு வயசுப் பிள்ளைக்கு முழுக்கை ஸ்வெட்டர் பின்னிக்கிட்டிருக்கேன். 5 பிளை (இழை) மில்க் காட்டன் நூல், 4 மி.மீ. குரோஷே ஊசி. டிசைன் லெமன் பீல், அதாவது ஒரு சிங்கிள் (குட்டைக் கண்ணி), ஒரு டபுள் (நெட்டைக் கண்ணி), மாத்தி மாத்தி. 41 செயின் (சங்கிலிக் கண்ணி) போட்டு, ஊசியிலேர்ந்து ரெண்டாவது செயின்ல ஆரம்பிச்சா 40 கண்ணி.

முதல் 8 வரிசை நல்லா பொரிப் பொரியா (குட்டிக் குட்டிப் புடைப்பா) வந்துச்சு. 9-லேர்ந்து 15 வரைக்கும் பொரியைக் காணோம், நெட்டுக்குக் கோடு கோடா நிக்குது. 16-லேர்ந்து மறுபடியும் பொரி. இப்ப 22-ஆவது வரிசை. எண்ணிப் பார்த்தா 38 கண்ணிதான் இருக்கு. ரெண்டு ஓரமும் லேசா உள்ளே போயிருக்கு. இப்படியே விட்டுடலாமா?

சாம்பிள் பின்னி, கழுவிக் காய வச்சு அளந்ததுல 10 செ.மீ.க்கு 16 கண்ணி, 14 வரிசை. கழுத்துக்கும் கைக்கும் எத்தனை வைக்கலாம்னும் சொல்லுங்க.

நூல்கண்டு

கோடு விழுந்த இடமே உங்க தப்பைக் காட்டிக் கொடுக்குது. 8-ஆவது வரிசையோட கடைசிக் கண்ணி விட்டுப் போச்சு, 39 ஆச்சு. 15-ஆவது வரிசைக் கடைசியில இன்னொண்ணு போச்சு, 38 ஆச்சு. 8 ஒரு ஓரத்துல முடியும், 15 எதிர் ஓரத்துல முடியும். அதான் ரெண்டு பக்கமும் உள்ளே வாங்கியிருக்கு.

இந்த டிசைன் இரட்டைப்படை எண்ணிக்கையிலதான் நிக்கும். வரிசை டபுள்ல முடிஞ்சாத்தான், திருப்பினதும் உங்க முதல் சிங்கிள் அந்த டபுள் மேல உக்காரும். குட்டை மேல நெட்டை, நெட்டை மேல குட்டை, அதுல வர்றதுதான் அந்தப் பொரி. 39 ஆனா வரிசை சிங்கிள்ல முடியும். திருப்பினா சிங்கிள் மேல சிங்கிள், டபுள் மேல டபுள்னு ஏறி, கோடா நிக்கும்.

விடுபடுறது எப்பவும் ஒரே கண்ணிதான். முந்தின வரிசையில முதல்ல போட்ட சிங்கிள். திருப்புற செயினை (வரிசை மாறும்போது உயரத்துக்குப் போடுறது) ஒட்டிப் பதுங்கிக் கிடக்கும், கண்ணுக்கு முடிச்சு மாதிரிதான் தெரியும். அதுல ஊசி நுழையலைன்னா கணக்கு போச்சு. ஒவ்வொரு வரிசையிலும் முதல் சிங்கிளைப் போட்ட கையோட அதுல ஒரு மார்க்கர் மாட்டிடுங்க. மார்க்கர் இல்லையா, வேற நிறத்துல துண்டு நூல் போதும். திரும்பி வரும்போது அந்த மார்க்கர்ல டபுள் போட்டுத்தான் வரிசையை முடிக்கணும்.

38-ல விடாதீங்க. 40 கண்ணி 25 செ.மீ., முன்னும் பின்னுமா 50. ஒரு வயசுப் பிள்ளைக்கு மார்பு ஏறத்தாழ 45.5 செ.மீ. இருக்கும். 38-னா சுற்றளவு 47.5தான். உள்ளே பனியன் போட்டா கையைத் தூக்கும்போது பிடிக்கும். 8-ஆவது வரிசைக் கடைசி வரைக்கும் பிரிச்சிடுங்க. மனசு வலிக்கும், வேற வழியில்லை.

மூணாம் டிவிசன்

மேல சொன்னது சரி. கூட ஒண்ணு பார்த்துக்குங்க: பிரிட்டிஷ் முறையில எழுதின குறிப்புல டபுள்னா அமெரிக்க முறையில சிங்கிள், ட்ரெபிள்னா டபுள். பிரிட்டிஷ் குறிப்புல சிங்கிள்ங்கிற பேரே வராது. அதை வச்சே எந்த முறைன்னு கண்டுபிடிச்சிடலாம்.

கழுத்துதான் பலர் கோட்டை விடுற இடம். 40-ஐ 12, 16, 12-ஆப் பிரிங்க. தோள் 7.5 செ.மீ., கழுத்து அகலம் 10 செ.மீ., முன்பக்கம் 4 செ.மீ. இறக்கம். இதைச் சுத்தி அளந்தா 28 செ.மீ. சுமார்தான் வரும். இந்த வயசுல தலைச் சுற்றளவு 46 செ.மீ. பக்கத்துல. குரோஷேயில பின்னின ஸ்வெட்டர் கடையில வாங்கினது மாதிரி இழுபடாது. ஒரு தோளைத் திறந்தா 15 கூடி 43, அதுவும் இறுக்கம். ரெண்டு தோளையும் திறந்து வைங்க, 58 வரும். பின்பக்கத் தோள்ல மட்டும் 3 வரிசை சிங்கிள் சேர்த்துப் பின்னுங்க, பட்டன் அதுல உக்காரும். கழுத்துல நாடா கட்டுற டிசைன் வேணாம். பட்டனை இழுத்துப் பார்த்தா அசையக் கூடாது, பிள்ளை வாய்க்குத்தான் முதல்ல போகும்.

ஊசிமுனை

அழகுக்கு பாபிள் (குண்டு குண்டான புடைப்பு) சேர்க்கணும்னு தோணினா முன் மார்புல மட்டும் ரெண்டு வரிசை. முதுகுல வச்சா படுக்கும்போது உறுத்தும். வாஃபிள் (கட்டம் கட்டமா வர்ற) டிசைன் பார்க்க நல்லாருக்கும், நூலை முழுங்கும், தடிமனும் அதிகம். மழை மாசத்துல ரிங்லெட்ல சீக்கிரம் காயாது. லெமன் பீலே உங்களுக்குப் போதும்.

கைக் கணக்கு: அக்குள் ஆழம் 12 செ.மீ.ன்னா மேல்கை அகலம் 24, அதாவது 38 கண்ணி. மணிக்கட்டுல 15 செ.மீ., 24 கண்ணி. 14 குறைக்கணும். மூணு வரிசைக்கு ஒரு தடவை ரெண்டு ஓரத்துலயும் ஒவ்வொண்ணு, ஏழு தடவை. 21 வரிசை, 15 செ.மீ. அதுக்கப்புறம் 4 செ.மீ. பட்டி, மொத்தம் 19.

பச்சைமேடு

பிரிச்சாச்சு, மார்க்கர் மாட்டியாச்சு. குறைக்கும்போது பொரி கெட்டுப் போகாதா?

ஊசிமுனை

"வரிசை சிங்கிள்ல ஆரம்பிக்கும்"னு மனப்பாடமாப் போட்டா கெடும். குறைக்கிற வரிசையில முதல் ரெண்டு கண்ணியையும் ஒரே டபுளாச் சேருங்க, கடைசி ரெண்டையும் ஒரே சிங்கிளா. நடுவுல வழக்கம்போல சிங்கிள், டபுள். அடுத்த வரிசை டபுள்ல ஆரம்பிக்கும், அதுக்கு திருப்பும்போது ரெண்டு செயின் (அதைக் கண்ணியா எண்ணாதீங்க). அடுத்த தடவை குறைக்கும்போது தலைகீழ்: முதல்ல சிங்கிள், கடைசியில டபுள். குழம்பினா கீழ இருக்கிற கண்ணியைப் பாருங்க, நெட்டைன்னா மேல குட்டை, அவ்வளவுதான்.

லேபிள்ல அக்ரிலிக்னு இருந்தா முடிச்சதும் இஸ்திரிப் பெட்டியை மேல வைக்காதீங்க. சூட்டுல இழை படுத்துடும், போன பொரி திரும்பி வராது. ஈரமாக்கி, அளவுக்கு இழுத்து, துண்டு மேல விரிச்சுக் காய வைங்க. 50 கிராம் உருண்டை 5 எடுத்து வைங்க, எல்லாம் ஒரே லாட் எண்ணா (ஒரே தடவையில சாயம் ஏத்தினது) இருக்கட்டும்.