கிரேக்கமயமாக்கமா, கிரேக்கத் தோய்வா?

நண்பர்களுக்கு வணக்கம். பிற மக்கள் கிரேக்க மொழியையும் பண்பாட்டையும் ஏற்பதை ஆங்கிலத்தில் ஹெலனைசேஷன் என்பார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் ஒருவர் கேட்டது:

> ஹெலனைசேஷன் என்பதற்குக் கிரேக்கமயமாக்கம் போதுமே. உலகமயமாக்கம், தனியார்மயமாக்கம் எல்லாம் நிலைத்துவிட்டன. புதிதாக இன்னொரு சொல் எதற்கு?

போதாது என்றுதான் எனக்குப் படுகிறது. இரண்டு இடத்தில் இடிக்கிறது.

முதலில் 'ஆக்கம்'. யாரோ வேண்டுமென்றே செய்தது போல் ஒலிக்கிறது. எருசலேமைப் பாருங்கள். கி.மு. 175 வாக்கில் அங்கே கிரேக்க முறை உடற்பயிற்சிக் கூடம் கட்ட அப்பகுதியை ஆண்ட கிரேக்க வழி அரசனிடம் அனுமதி கேட்டு வாங்கியவர் யூதத் தலைமைக் குருவான யாசோனே. எட்டாண்டு கழித்து, கி.மு. 167-இல், அதே அரசன் நான்காம் அந்தியோக்கு யூதச் சமய வழக்கங்களுக்கே தடை போட்டான். முன்னது விரும்பி ஆனது, பின்னது திணித்து ஆக்கியது. இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால், அந்தத் தடையை எதிர்த்து யூதர் எழுந்த மக்கபேயர் கிளர்ச்சி ஏன் அப்போது வெடித்தது என்பதே மங்கிவிடும்.

அப்புறம் 'மயம்'. எங்கும் அதுவே நிறைந்திருப்பதுதான் மயம். ஆப்கானிஸ்தானின் வடக்கே, ஆமூ ஆற்றங்கரையில் ஐ-கானூம் என்ற பழைய நகரத்தை அகழ்ந்தெடுத்தார்கள். அங்கே கிரேக்க நாடக அரங்கு உண்டு, உடற்பயிற்சிக் கூடம் உண்டு, கிரேக்கரின் புனிதத் தலமான தெல்பியின் அறவுரைகளைப் பொறித்த கல்லும் உண்டு. ஆனால் நகரின் பெரிய கோயில் கிரேக்கக் கோயில் போலவே இல்லை. தடித்த மண்கல் சுவரும் மாடங்களுமாக, மெசொப்பொத்தாமியச் சாயலில் இருக்கிறது. உள்ளே கிடைத்த சிலைப் பாதமோ கிரேக்கச் செருப்பு அணிந்தது, அதில் கிரேக்கரின் தலைமைக் கடவுள் சியூசின் இடிப்படை! இதை எப்படி 'மயம்' என்பது?

'யவனமயம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அழகான சொல்தான். கிரேக்கரில் ஒரு பிரிவினரான ஐயோனியர் என்ற பெயரே பாரசீகத்தில் யௌனா, பிராகிருதத்தில் யோன என்றாகி நம்மிடம் யவனராக வந்தது. ஆனால் முசிறிக்குப் பொன்னோடு வந்து கறியோடு (மிளகோடு) திரும்பிய சங்ககால யவனர் உரோமப் பேரரசின் வணிகர். கிரேக்கரை மட்டும் குறிக்க அந்தச் சொல் உதவாது.

என் பரிந்துரை: கிரேக்கத் தோய்வு. சாயத்தில் தோய்ந்த துணியின் நிறம் மாறும், நெசவு மாறாது. கம்பனில் தோய்ந்தவர் என்று சொல்கிறோமே, அந்த விருப்பமும் இதில் இருக்கிறது. தன்வினைக்குத் தோய்தல், பிறவினைக்குத் தோய்த்தல். யாசோன் தோய்ந்தார், அந்தியோக்கு தோய்க்கப் பார்த்தான்.

எதிர்த்திசைக்கும் இது பொருந்தும். தட்சசீலத்து இந்தோ-கிரேக்க அரசன் அந்தியல்கிதனின் தூதர் எலியோதோரஸ், விதிசாவில் வாசுதேவனுக்குக் கருடத் தூண் நட்டு, தன்னைப் பாகவதர் (திருமால் அடியார்) என்று பிராமியில் பொறித்துக்கொண்டார். அங்கே தோய்ந்தது கிரேக்கர்.

புதுச்சொல்லுக்குத் தயங்குவோர் 1958-இல் கந்தகாரில் கிடைத்த அசோகரின் கிரேக்க–அரமேயக் கல்வெட்டை நினைக்க வேண்டும். தம்மம் என்பதைக் கிரேக்கத்தில் அப்படியே ஒலிபெயர்க்காமல் 'யூசெபெயா' என்று எழுதினார் அந்த மொழிபெயர்ப்பாளர். தெய்வத்திடமும் மூத்தோரிடமும் காட்டும் பயபக்தி என்பது அதன் பொருள். முழுப் பொருத்தம் இல்லைதான். ஆனாலும் கிரேக்கர் தம் வாழ்வோடு சேர்த்து உணரக்கூடிய சொல்லைத் தேடி எடுத்தார்.

காலப்பெயருக்கு இது வேண்டாம். கி.மு. 323 முதல் 30 வரையிலான காலத்தை எலனியக் காலம் (ஹெலனிஸ்டிக்) என்றே வைத்துக்கொள்ளலாம். பெயர்ச்சொல் ஒலிபெயர்ப்பாக இருந்தால் கேடில்லை. 'தோய்வு' பற்றி மறுப்பு இருந்தால் இதே இழையில் எழுதுங்கள்.