ஸ்கேன்லைன் போட்டால் படம் பட்டை பட்டையாகத் தெரிகிறது, உதவுங்கள்

முப்பது_உயிர்:
வணக்கம். பழைய டிவியில் தெரிகிற மாதிரி கோடு (ஸ்கேன்லைன்) வரட்டும் என்று, பழைய டிவி கேமை ஓட்டும் எமுலேட்டரில் ஷேடர், அதாவது படத்தின் தோற்றத்தை மாற்றும் ஃபில்டர், போட்டேன். கோடு வருகிறது, ஆனால் சீராக இல்லை. ஓரிடத்தில் தடியாக, ஓரிடத்தில் இல்லவே இல்லை. திரை முழுக்க ஜமக்காளம் விரித்த மாதிரி இருட்டும் வெளிச்சமுமாகப் பட்டைகள். மூன்று நாளாக ஷேடரை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை தம்பி வருகிறான், அதற்குள் சரியாக வேண்டும். போனில் எடுத்த படம் இணைத்திருக்கிறேன். சீக்கிரம் சொல்லுங்கள்.

சேனல்_திருகி:
எந்த எமுலேட்டர்? எந்த ஷேடர்? என்ன கேம்? எதில் ஓடுகிறது, கம்ப்யூட்டரா, ராஸ்பெரி பையா, போனா? இது எதுவும் இல்லாமல் "சீக்கிரம் சொல்லுங்கள்" என்றால் கிளி ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

மூத்த_பிக்சல்:
இந்தக் கேள்வி மாதம் ஒருமுறை வருகிறது. தேடல் பெட்டி என்று ஒன்று மேலே இருக்கிறது, அதைத் தொட்டால் ஷாக் அடிக்காது.

சரி, இன்னொரு முறை சொல்கிறேன். பழைய கேம் அனுப்புவது 240 வரி, அல்லது ஓரம் வெட்டி 224. உங்கள் திரையில் 1080 வரி. 1080ஐ 240ஆல் வகுத்தால் 4.5. அரை பிக்சல் என்று ஒன்று கிடையாது. அதனால் ஒரு வரிக்கு 4 பிக்சல், அடுத்த வரிக்கு 5 என்று மாறி மாறி விழும். அதுதான் உங்கள் ஜமக்காளம். வீடியோ, ஸ்கேலிங் பகுதியில் 'இன்டிஜர் ஸ்கேல்' என்று இருக்கும், படத்தை முழு எண் மடங்கில் மட்டும் பெரிதாக்கும், அதைப் போடுங்கள். படம் 960 உயரத்தில் நின்று, மேலும் கீழும் 60 பிக்சல் கறுப்பு வரும். கறுப்பு பிடிக்காவிட்டால் 224ஐ 5 மடங்காக்கி 1120 என்று வைத்து, மிச்ச 40ஐ வெளியே தள்ளிவிடலாம். முடிந்தது. இழையை மூடலாம்.

முப்பது_உயிர்:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். எமுலேட்டர் ரெட்ரோஆர்ச், அதில் கேமை ஓட்டும் கோர் எஃப்சிஇயுஎம்எம், கேம் கான்ட்ரா. லேப்டாப்பிலிருந்து எச்டிஎம்ஐ வழியாக டிவிக்குப் போகிறது. இன்டிஜர் ஸ்கேல் முதல் நாளே போட்டுவிட்டேன். போட்டதும் பட்டைகளின் இடைவெளி கொஞ்சம் மாறியது, பட்டை போகவில்லை.

கேசட்_ஊதி:
நான் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். இந்தக் கோடு யாருக்கு வேண்டும்? எங்கள் வீட்டு 14 இஞ்ச் டயனோரா டிவியில் ஆர்எஃப் ஒயரை ஆன்டெனா துளையில் செருகி, சேனல் தேடி விளையாடிய காலத்தில் நான் ஒரு கோடுகூடப் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் ஓரத்தில் நிறம் வழிகிற படம்தான். கோடு என்பது யாரோ இணையத்தில் கிளப்பிவிட்டது. ஷேடரை எடுத்துவிட்டு லேசாக மங்கலாக்கும் ஃபில்டர் போடுங்கள், அதுதான் அசல்.

லோடிங்_தாத்தா:
கிராபிக்ஸ் கார்டு போதவில்லை. சிஆர்டி-ராயல் ஷேடர் போட்டிருப்பீர்கள். லேப்டாப்பின் உள்ளமைந்த கிராபிக்ஸுக்கு அது யானைப் பாரம். இசட்ஃபாஸ்ட்-சிஆர்டி போட்டுப் பாருங்கள்.

முப்பது_உயிர்:
ராயல், லோட்டஸ், ஈஸிமோடு, இசட்ஃபாஸ்ட் நான்கும் பார்த்தேன். நான்கிலும் பட்டை. கேம் வேகம் குறையவில்லை.

மின்மினி:
கார்டு போதாவிட்டால் கேம் திக்கும், ஒலி கரகரக்கும். பட்டை வராது. அதை விட்டுவிடலாம்.

முதலில் அந்தப் போன் படத்தை நம்பாதீர்கள். கோடு போட்ட திரையைக் கேமராவில் பிடித்தாலே, திரைப் புள்ளியும் கேமராப் புள்ளியும் மோதி அலை அலையாகப் பட்டை விழும். நேரில் இல்லாத பட்டையும் போட்டோவில் வரும். இப்படிச் செய்யுங்கள்: ரெட்ரோஆர்ச்சில் 'ஜிபியு ஸ்கிரீன்ஷாட்' போட்டுவிட்டு எஃப்8 அழுத்துங்கள். கிடைக்கும் படத்தை லேப்டாப்பில் 100 சதவீத அளவில், சுருக்காமல் திறங்கள். அதில் கோடு சீராக இருந்தால் எமுலேட்டர் மேல் தப்பில்லை, அதற்குப் பிறகு ஏதோ படத்தைக் கெடுக்கிறது.

மூத்த_பிக்சல்:
அந்த "ஏதோ" ஓவர்ஸ்கேன்தான். பல டிவிகள் எச்டிஎம்ஐ படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தை வெட்டும். டிவி மெனுவில் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' வையுங்கள். இதையும் நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சேனல்_திருகி:
@கேசட்_ஊதி நீங்கள் பார்க்கவில்லை என்பதால் இல்லை என்று ஆகாது. அந்தப் பழைய கேம் கன்சோல், டிவி ஒளிபரப்பு மாதிரி வரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக அனுப்பாது. ஒவ்வொரு முறையும் அதே வரிகளின் மேலேயே வரைகிறது. நடுவில் உள்ள வரிகளில் கதிர் படுவதே இல்லை. அந்த இடைவெளியைத்தான் இப்போது எல்லாரும் ஸ்கேன்லைன் என்கிறார்கள். நியாயமாகப் பார்த்தால் ஸ்கேன்லைன் என்பது ஒளிர்கிற வரி, இருட்டு அல்ல. அது வேறு பஞ்சாயத்து.

கேசட்_ஊதி:
அது அமெரிக்கா, ஜப்பான் கதை. அங்கே 525 வரி, 60 ஹெர்ட்ஸ். நம்மிடம் பால் (PAL) ஒளிபரப்பு முறை, 625 வரி, 50 ஹெர்ட்ஸ். ஒரு ஃபீல்டில், அதாவது கதிர் திரையை ஒருமுறை வரைவதில், படத்துக்கு 288 வரி இருக்கும்போது கேம் 240ஐத்தான் நிரப்பும். அதனால்தான் நம்மூர் டிவி கேமில் மேலும் கீழும் கறுப்பாக, படம் கொஞ்சம் அமுங்கித் தெரிந்தது. வரிகள் நெருங்கிவிட்டால் இடைவெளி எங்கே தெரியும்? சின்ன டிவி, ஆர்எஃப் ஒயர், எட்டடி தள்ளி உட்கார வைக்கும் அம்மா. கோடு தெரியாது.

சேனல்_திருகி:
அமுங்கியதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எனக்குத் தெரிந்தது. 21 இஞ்ச், கறுப்பு முகப்புத் திரையில் மூக்கை ஒட்டிப் பார்த்தால் தெரியும். வெள்ளை, மஞ்சள் போன்ற பளிச் நிறத்தில் கதிர் தடித்து இடைவெளியை மூடிவிடும். கருநீலத்தில் கதிர் மெலிந்து, கோடு நன்றாகத் தெரியும். நல்ல ஷேடர்கள் இதைத்தான் கணக்குப் போட்டுச் செய்கின்றன. வெறும் கறுப்புக் கோட்டை மேலே ஒட்டினால் செயற்கையாக இருப்பதற்குக் காரணமும் அதுவே.

லோடிங்_தாத்தா:
எங்கள் மாமா வீட்டில் சோனி ட்ரினிட்ரான். அதில் குறுக்கே இரண்டு கோடு எப்போதும் தெரியும். செய்தி பார்க்கும்போதுகூடத் தெரியும். அதுதானே ஸ்கேன்லைன்?

சேனல்_திருகி:
இல்லை. ட்ரினிட்ரான் திரைக்குப் பின்னால் மெல்லிய செங்குத்துக் கம்பிகள் வரிசையாக இருக்கும். அவை அதிராமலிருக்கக் குறுக்கே ஒன்றோ இரண்டோ கம்பி கட்டியிருப்பார்கள். நீங்கள் பார்த்தது அந்தக் கம்பியின் நிழல்.

லோடிங்_தாத்தா:
அட! முப்பது வருஷமாக அது ரிப்பேர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் மாமா.

கேசட்_ஊதி:
50 ஹெர்ட்ஸ் என்றதும் ஞாபகம் வந்தது. நம்மூர் டிவி கேமில் பாட்டு மெதுவாக ஓடியது, எமுலேட்டரில் அவசரமாக ஓடுகிறது. இதற்கு வழி உண்டா?

சேனல்_திருகி:
கோர் ஆப்ஷனில் ரீஜனை 'டெண்டி' என்று மாற்றுங்கள். 1992 முதல் ரஷ்யாவில் அந்தப் பெயரில் விற்றதும் நம்முடையது போன்ற நிண்டெண்டோ நகல் கன்சோல்தான். 60க்குப் பதில் 50, அதாவது ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும்.

மூத்த_பிக்சல்:
இது ஸ்கேன்லைன் இழை. மாமா, ரஷ்யா எல்லாவற்றுக்கும் தனி இழை திறக்கவும்.

முப்பது_உயிர்:
வந்துவிட்டேன், நேற்று கரண்ட் இல்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். லேப்டாப்பில் பெரிதாக்கிப் பார்த்தால் கோடு அச்சடித்த மாதிரி சீராக இருக்கிறது! அதே படத்தை டிவியில் திறந்தால் பட்டை. ஓவர்ஸ்கேன் இல்லை, டாஸ்க்பார் நாலு ஓரமும் முழுதாகத் தெரிகிறது. ஜஸ்ட் ஸ்கேன் ஏற்கெனவே போட்டிருக்கிறேன்.

மின்மினி:
அப்படியானால் டிவிதான். பட்டை எத்தனை வரிக்கு ஒருமுறை வருகிறது என்று கிட்டப் போய் எண்ண முடியுமா? டிவி எத்தனை இஞ்ச், அட்டைப் பெட்டியில் என்ன போட்டிருந்தது?

முப்பது_உயிர்:
எண்ணினேன், கண் கலங்கிவிட்டது. ஆறு வரி, சில இடத்தில் ஏழு வரிக்கு ஒருமுறை. டிவி 32 இஞ்ச். பெட்டி இல்லை, ஓரத்தில் 'எச்டி ரெடி' என்று ஸ்டிக்கர் இருக்கிறது. ஆனால் விண்டோஸ் 1920x1080 என்றுதான் காட்டுகிறது.

மின்மினி:
சிக்கியது. 'எச்டி ரெடி' ஸ்டிக்கர் ஒட்டிய 32 இஞ்ச் டிவி என்றால் பேனல் அநேகமாக 1366x768. 1080 சிக்னல் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும், "நான் 1080" என்று விண்டோஸிடம் சொல்லவும் செய்யும். உள்ளே போனதும் 768 வரிக்குச் சுருக்கிவிடும்.

கணக்கைப் பாருங்கள். இன்டிஜர் ஸ்கேலில் உங்கள் ஒரு வரி 4 பிக்சல். 1080ஐ 768 ஆக்கினால் அது 2.84 பிக்சல். மூன்றுக்கு 0.16 குறைவு. அந்தக் குறை ஆறேழு வரிக்கு ஒருமுறை சேர்ந்து முழு பிக்சல் ஆகும்போது கோடு தவறுகிறது. நீங்கள் எண்ணியதும் ஆறு, ஏழு. ஷேடரை எத்தனை மாற்றினாலும் இது போகாது.

செய்ய வேண்டியது: கிராபிக்ஸ் அமைப்பில் 1366x768 அல்லது 1360x768 இருக்கிறதா பாருங்கள். 1360 என்றாலும் பரவாயில்லை. அகலத்தில் 6 பிக்சல் இழுபடும், நம் கோடு படுக்கைவாட்டில் என்பதால் உயரம் 768 சரியாக இருந்தால் போதும். 720 வைக்காதீர்கள், அதையும் டிவி 768க்கு இழுக்கும். எச்டிஎம்ஐயில் 768 வராவிட்டால், டிவியிலும் லேப்டாப்பிலும் விஜிஏ துளை இருந்தால் அந்த ஒயரில் முயலுங்கள்.

அப்புறம் இன்டிஜர் ஸ்கேலில் 240 மூன்று மடங்காகி 720 வரும், மேலும் கீழும் 24 பிக்சல் கறுப்பு. ஒரு வரிக்கு 3 பிக்சல்தான் என்பதால் ராயலின் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளுக்கு இடமில்லை. இசட்ஃபாஸ்ட் போதும்.

மூத்த_பிக்சல்:
பேனல் அளவை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

சேனல்_திருகி:
இழையை மூடலாம் என்றீர்களே ஐயா, முதல் பதிலிலேயே.

முப்பது_உயிர்:
1360x768 லிஸ்டில் இருந்தது. பட்டை போய்விட்டது, கோடு சீராக இருக்கிறது. மின்மினிக்கு நன்றி. படம் முன்பைவிட இருட்டாக இருக்கிறது, அது அப்படித்தானா? தம்பி வந்துவிட்டான், பிறகு வருகிறேன்.

மின்மினி:
மூன்றில் ஒரு பிக்சலை இருட்டாக்குகிறீர்கள், வெளிச்சம் குறையத்தானே செய்யும். டிவியில் பேக்லைட்டை மட்டும் ஏற்றுங்கள். கான்ட்ராஸ்டை ஏற்றினால் பளிச் நிறங்கள் எல்லாம் ஒரே வெள்ளையாகிவிடும்.