வேட்பாளரின் முகமா, செயலா: நம் வாக்கை எது தீர்மானிக்கிறது?

கேள்வி – மயூர் விகார்வாசி

2025 பிப்ரவரியில் நடந்த தில்லி சட்டமன்றத் தேர்தலுக்கு முன்பு, எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் கூட்ட அறைக்கு இரண்டு வேட்பாளர்கள் தனித்தனியே வந்து பேசினார்கள். முதலில் வந்தவர் கழிவுநீர்க் கால்வாய், மூன்றாம் மாடிக்கு மேல் ஏறாத குடிநீர், வாகனம் நிறுத்தும் தகராறு என்று நாங்கள் கேட்ட ஒவ்வொன்றுக்கும் குறிப்பேட்டைப் புரட்டி விடை சொன்னார். ஆனால் அவருடைய குரல் எழும்பவில்லை. யாரையும் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அடுத்து வந்தவர் விவரம் என்று எதுவும் சொல்லவில்லை. வாசலிலேயே காலணியைக் கழற்றிவிட்டு, முன்வரிசை முதியவர்களின் காலைத் தொட்டு வணங்கி, தமிழர்கள் இருக்கிறோம் என்று தெரிந்ததும் உரக்க ஒரு வணக்கம் சொல்லி, சற்று நேரத்தில் கிளம்பிவிட்டார். அவர் போன பிறகு லிஃப்ட் அருகே நின்றவர்கள் ஒரே குரலில் சொன்னது, "இவர்தான் வேலை செய்கிற ஆள்" என்பது. சொன்னவர்களில் பட்டயக் கணக்கர் ஒருவர், ஓய்வுபெற்ற அரசு அதிகாரி ஒருவர், கல்லூரி ஆசிரியர் ஒருவர். வேலையைப் பற்றிப் பேசியவர் முதலாமவர்தானே என்று நான் கேட்டதற்கு, "அவர் முகத்தில் அது தெரியவில்லையே" என்றார் கணக்கர்.

வட இந்திய நண்பர்கள், "நடிகர்களுக்கு வாக்களிப்பவர்கள் நீங்கள்" என்று நம்மைக் கேலி செய்வதுண்டு. படித்தவர்கள் நிறைந்த இந்தத் தலைநகரத்துக் குடியிருப்பிலும் அதேதான் நடக்கிறது என்றால், இது ஊர் சார்ந்ததா, மனித மனம் சார்ந்ததா? அரசியல் உளவியல் படித்தவர்கள் இங்கே இருந்தால் விளக்க வேண்டுகிறேன். யாருக்கு வாக்களிக்கலாம் என்று நான் கேட்கவில்லை. அந்த விவாதத்தை இங்கே கொண்டுவர வேண்டாம்.

மறுமொழி – முனீர்கா மாணவி

ஐயா, உங்கள் கணக்கர் தனியாள் அல்லர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் டோடோரோவும் அவருடைய குழுவினரும் 2005ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் மிகவும் பேசப்பட்டது. அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தல்களில் எதிரெதிரே நின்ற இருவரின் படங்களை, அவர்களை அடையாளம் தெரியாதவர்களிடம் காட்டி, இவர்களில் திறமையானவராகத் தோன்றுபவர் யார் என்று மட்டும் கேட்டார்கள். ஒரே ஒரு நொடி பார்த்துச் சொன்ன அந்த விடை, செனட் தேர்தல்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு இடங்களில் உண்மையில் வென்றவரையே சுட்டியது. 2009இல் ஜான் அன்டோனாகிஸும் ஓலாஃப் டல்காஸும் இதைச் சுவிட்சர்லாந்துக் குழந்தைகளிடம் செய்து பார்த்தார்கள். கடற்பயணம் போகும் படகுக்கு யாரைத் தலைவராக வைத்துக்கொள்வாய் என்று கேட்டு, முன்பு பிரான்சில் நடந்து முடிந்த தேர்தலின் வேட்பாளர் படங்களைக் காட்டினார்கள். குழந்தைகளின் தேர்வும் பெரியவர்களின் தேர்வைப் போலவே, அதே 70 விழுக்காட்டை ஒட்டி வந்தது.

இதை வைத்துக்கொண்டு "முகமே வெல்கிறது" என்று முடிவு கட்டுவது அவசரம். கட்சிகள் கடும் போட்டியுள்ள தொகுதிகளில் தோற்றப்பொலிவு உள்ளவரைத் தேடி நிறுத்துகின்றன என்று பின்னால் வந்த ஆய்வொன்று காட்டியது. அப்படியானால் முகத்துக்கும் வெற்றிக்கும் இடையே தெரியும் உறவில் ஒரு பகுதி கட்சியின் தேர்விலிருந்தே வருகிறது. வாக்காளரின் கண் மட்டும் அதற்குப் பொறுப்பாகாது. அதைவிட முக்கியமானது, இந்த விளைவு எல்லோரிடமும் ஒரே அளவில் இல்லை என்பது. கேப்ரியல் லென்ஸ், சாப்பல் லாசன் இருவரும் 2011இல் காட்டியபடி, அரசியல் பற்றிக் குறைவாக அறிந்திருந்து, தொலைக்காட்சியை அதிகமாகப் பார்ப்பவர்களிடம்தான் தோற்றத்தின் செல்வாக்கு மிகுதி.

உங்கள் குடியிருப்பில் எல்லோரும் படித்தவர்கள் என்கிறீர்கள். பட்டம் வேறு, தொகுதி அளவில் யார் என்ன செய்தார் என்ற தகவல் வேறு. இணைச் செயலராக இருந்து ஓய்வு பெற்றவருக்கு மத்திய அரசின் நடைமுறை முழுதும் தெரிந்திருக்கலாம். தம் வார்டின் கால்வாய்க்கு எந்தத் துறை பொறுப்பு, சட்டமன்ற உறுப்பினர் நிதி எங்கே செலவானது என்பது தெரிந்திருக்க வேண்டியதில்லை. வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்து வாங்கலாம்; வேட்பாளரை அப்படிச் சோதிக்க வழியில்லாதபோது, மனம் கையில் கிடைத்த அடையாளத்தைப் பற்றிக்கொள்கிறது.

இன்னொன்றும் உண்டு. அறிமுகமான மனிதர்களை மதிப்பிடும்போது நாம் பல குணங்களைத் தனித்தனியே கவனிக்கிறோம்: கலகலப்பு, பொறுப்புணர்வு, பதற்றம், இணக்கம், புதியவற்றில் நாட்டம் என்று உளவியலாளர்கள் இவற்றை ஐந்தாகத் தொகுப்பார்கள். கப்ராரா, பார்பரனெல்லி, சிம்பார்டோ மூவரும் இத்தாலியர்களிடம் ப்ரோடி, பெர்லுஸ்கோனி போன்ற தலைவர்களை மதிப்பிடச் சொல்லி 1997இல் வெளியிட்ட ஆய்வில், இந்த ஐந்தும் சுருங்கி இரண்டாகிவிட்டன. ஒன்று துடிப்பு, மற்றொன்று நம்பத்தகுந்த நேர்மை. அரசியல்வாதியிடம் நாம் கேட்பவை இரண்டே கேள்விகள்: இவரால் முடியுமா? இவர் நம்மை ஏமாற்றாமல் இருப்பாரா? உங்கள் கூட்டத்துக்கு வந்த இரண்டாமவர் குரலால் முதல் கேள்விக்கும், காலைத் தொட்ட செயலால் இரண்டாம் கேள்விக்கும் விடை கொடுத்துவிட்டார். குறிப்பேட்டுக்காரர் கால்வாய்க்கு விடை சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுமொழி – ஆர்.கே.புரம் ஓய்வூதியர்

மாணவி சொன்ன ஆய்வுகளை மறுக்க எனக்குப் படிப்பு இல்லை. ஆனால் தில்லியில் முப்பது ஆண்டுகளாக வாக்களித்து வருபவன் என்ற முறையில், வாக்காளரை இவ்வளவு எளிதில் ஏமாறுகிறவராகக் காட்டுவதை ஏற்க முடியவில்லை. 2014 மக்களவைத் தேர்தலில் ஏழு இடங்களையும் பாரதிய ஜனதா கட்சிக்குக் கொடுத்த இதே நகரம், ஒன்பது மாதங்களுக்குள் சட்டமன்றத்தில் 70இல் 67 இடங்களை ஆம் ஆத்மி கட்சிக்குக் கொடுத்தது. 2019இல் மீண்டும் ஏழும் பா.ஜ.க.வுக்கு, 2020இல் 62 ஆம் ஆத்மிக்கு. 2024இல் மறுபடியும் ஏழும் பா.ஜ.க.வுக்கு. என் தெருவிலேயே இரண்டு தேர்தலிலும் இரண்டு கட்சிக்குப் போட்டு, அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொண்டவர்கள் உண்டு. மோடியின் பிம்பமும் கெஜ்ரிவாலின் பிம்பமும் அவர்களுடைய மனத்தில் ஒரே நேரத்தில் இருந்தன. எந்த நாற்காலிக்கு யார் என்று பிரித்துப் பார்த்தார்கள்: நாட்டைக் காக்க ஒருவர், மின்கட்டணத்துக்கும் பள்ளிக்கும் ஒருவர். இதை மயக்கம் என்று நான் சொல்ல மாட்டேன்.

திறமைசாலி என்ற பெயர் மட்டும் போதாது என்பதற்கும் இங்கேயே சான்று இருக்கிறது. 2015இல் பா.ஜ.க. முதலமைச்சர் வேட்பாளராக கிரண் பேடியை வாக்குப்பதிவுக்குச் சில வாரங்களே இருந்தபோது அறிவித்தது. கண்டிப்பான காவல் அதிகாரி என்று நாடு முழுவதும் அறியப்பட்ட முகம். தொகுதியோ 1993 முதல் ஹர்ஷ் வர்தன் வென்று வந்த கிருஷ்ணா நகர். அங்கேயே அவர் 2,277 வாக்குகளில் தோற்றார். கட்சியின் சொந்தத் தொண்டர்களே ஒட்டாமல் நின்றார்கள் என்பது அப்போது பரவலாகப் பேசப்பட்டது. முதலமைச்சர் பதவிக்கான போட்டியில் எதிரே நின்ற கெஜ்ரிவாலிடம் இருந்தவை கழுத்தைச் சுற்றிய மஃப்ளர், இருமல், பழைய நீல நிற வேகன்ஆர் கார். முதல்முறை முதலமைச்சரானபோது 49 நாளில் பதவியை விட்டு ஓடினார் என்ற குற்றச்சாட்டுக்கு அவர் ஊர் ஊராகப் போய் மன்னிப்புக் கேட்டதும் அந்தப் பிம்பத்தோடு பொருந்தியது.

ஆனால் எந்தப் பிம்பம் ஒருவரை உயர்த்துகிறதோ, அதே அளவுகோலால்தான் பின்னர் அவரை அளக்கிறார்கள். வேறு கட்சி முதலமைச்சர் ஒருவர் பெரிய வீட்டில் இருந்தால் தில்லியில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். எளிமையை முன்வைத்து வந்தவருடைய அரசு இல்லத்தின் புதுப்பிப்புச் செலவு என்பதால்தான் "ஷீஷ் மகால்" (கண்ணாடி மாளிகை) என்ற ஒரே சொல்லை எதிர்க்கட்சியால் ஒரு தேர்தல் முழுவதும் பயன்படுத்த முடிந்தது. 2025இல் ஆம் ஆத்மி 22 இடங்களுக்கு இறங்கியது. புது தில்லித் தொகுதியில் கெஜ்ரிவாலே 4,089 வாக்குகளில் தோற்றார். மதுக்கொள்கை வழக்கு, காங்கிரஸ் தனியாக நின்றது, பத்தாண்டு ஆட்சியின் சலிப்பு என்று வேறு காரணங்களும் இருந்தன. பா.ஜ.க.வுக்கும் ஆம் ஆத்மிக்கும் இடையே வாக்கு விகித வேறுபாடும் ஏறத்தாழ இரண்டு விழுக்காடுதான். முழுத் தோல்வியையும் ஒரு வீட்டின் தலையில் கட்டுவது சரியாகாது.

பொங்கல் அன்று எங்கள் ஆர்.கே.புரத்து முருகன் கோயிலான மலை மந்திருக்குப் போனால் தேர்தல் ஆண்டா என்று கேட்காமலே தெரிந்துகொள்ளலாம். வேட்டி கட்டத் தெரியாதவர்கள் பெல்ட் போட்டு இறுக்கிக்கொண்டு படியேறுவார்கள். நம்மவர்கள் சிரிப்போடு படம் எடுத்துக்கொள்வார்கள். அதற்காக யாரும் வாக்கை மாற்றியதாக நான் பார்த்ததில்லை.

மறுமொழி – கரோல் பாக் பழையவர்

"நடிகர்களுக்கு வாக்களிப்பவர்கள்" என்ற கேலிக்கு மட்டும் விடை சொல்கிறேன். திரைப் புகழ் தானாகவே வாக்காகும் என்றால், சிவாஜி கணேசன் 1989இல் தம் சொந்தக் கட்சியை நடத்தித் திருவையாற்றில் தோற்றிருக்க மாட்டார். நடிப்பில் அவருக்கு இணை யார் என்று தமிழகம் அன்றும் கேட்டது, இன்றும் கேட்கிறது. எம்.ஜி.ஆர். திரையில் ஏற்றவை பெரும்பாலும் ஏழைக்குத் துணை நிற்கும் ஒரே மாதிரியான வேடங்கள்; அவற்றோடு திராவிட முன்னேற்றக் கழகத்தின் மேடையும், ஊர்தோறும் ரசிகர் மன்றமும் பல ஆண்டுகள் சேர்ந்தே வளர்ந்தன. சிவாஜியோ கட்டபொம்மன், அப்பர், குடிகாரர், தோற்ற தந்தை என்று எல்லாமாக இருந்தார். நடிகருக்கு அது பெருமை. தலைவர் பிம்பத்துக்கோ ஒரே கோடு வேண்டும். மாணவி சொன்ன அந்த இரண்டு கேள்விகளுக்குச் சிவாஜியின் வேடங்கள் ஒரே விடையைக் கொடுக்கவில்லை.

1967 ஜனவரி 12 அன்று எம்.ஆர்.ராதா சுட்டதில் எம்.ஜி.ஆர். கழுத்தில் காயமடைந்தார். கட்டுப்போட்ட கழுத்தோடு மருத்துவமனையில் இருந்த அவருடைய படம் சுவரொட்டியாக மாநிலம் முழுவதும் ஒட்டப்பட்டது. தொகுதிக்குப் போகாமலே பரங்கிமலையில் வென்றார். 1984இல் புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தபடியே ஆண்டிப்பட்டியில் வென்றபோதும், அவர் உயிரோடு இருப்பதைக் காட்டும் காணொளிதான் ஊர் ஊராகத் திரையிடப்பட்டது. நோயுற்ற உடல் "இவரால் முடியுமா" என்ற கேள்வியையே பின்னுக்குத் தள்ளிவிட்டது. இத்தாலிய ஆய்வு இதற்கு என்ன சொல்லும் என்று அறிய ஆவல்.

அந்த 1967 தேர்தலில்தான் காமராசர் விருதுநகரில் மாணவர் தலைவர் பெ.சீனிவாசனிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். எளிமை, நேர்மை என்ற பிம்பத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. எதிர்த்தவர்களே அதை மறுக்கவில்லை. ஆனால் அரிசித் தட்டுப்பாடும், 1965 மொழிப் போராட்டத்தின் ஆறாத கோபமும், ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்ற முழக்கமும் அந்தப் பிம்பத்தைத் தாண்டிப் போய்விட்டன. இரண்டே ஆண்டுகளில், 1969இல், அதே காமராசரை நாகர்கோவில் மக்களவைக்கு அனுப்பியது. ஆள் மாறவில்லை, பிம்பமும் மாறவில்லை.

மயூர் விகார்வாசி

மூவருக்கும் நன்றி. ஓய்வூதியர் ஐயா சொல்வது முதலமைச்சர், பிரதமர் போன்று ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பழகிய முகங்களுக்குப் பொருந்துகிறது. எங்கள் கூட்ட அறைக்கு வந்தவர்களோ அன்றுவரை நாங்கள் கேள்விப்படாதவர்கள். அப்படிப்பட்டவரை மதிப்பிடும்போது முதல் தோற்றத்தின் பிடியிலிருந்து விடுபட ஏதாவது வழி உண்டா?

மறுமொழி – முனீர்கா மாணவி

முற்றாக விடுபட முடியும் என்று யாரும் நிறுவவில்லை. ஆனால் தகவல் வரும் வரிசையை நாம் மாற்றலாம். முகத்தைப் பார்த்த பிறகு படிக்கும் விவரம் அந்த முகத்துக்கு ஏற்றபடி விளங்கிக்கொள்ளப்படுகிறது. ஒரு நல்ல குணத்தைக் கண்டதும் மற்ற நல்ல குணங்களையும் சேர்த்தே கற்பித்துக்கொள்ளும் இந்தப் போக்கை எட்வர்ட் தோர்ண்டைக் 1920லேயே எழுதிவிட்டார். ஆகவே வேட்பாளர் வருவதற்கு முன்பே, வேட்புமனுவோடு அவர் தாக்கல் செய்யும் படிவம் 26ஐத் தேர்தல் ஆணையத்தின் தளத்திலிருந்து எடுத்துக் குடியிருப்புக் குழுவில் பகிருங்கள். நிலுவையில் உள்ள குற்ற வழக்குகள், சொத்து, கடன், கல்வி எல்லாம் அதில் இருக்கும். கூட்டத்தில் இருவரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேளுங்கள். பழகாத முகம் என்பது வாக்குச்சாவடியிலும் நம்மைத் தொடரத்தான் செய்யும்: ஒரே பெயரில் பலர் நிற்பதால் வரும் குழப்பத்தைத் தவிர்க்க 2015 முதல் இயந்திரத்தின் வாக்குச்சீட்டில் வேட்பாளரின் படம் இடம்பெறுகிறது. 2025 பீகார் தேர்தலிலிருந்து அது வண்ணப் படம். படத்தின் முக்கால் பங்கு முகமாகவே இருக்க வேண்டும் என்பது விதி.

எம்.ஜி.ஆர். பற்றிய கேள்விக்கு: இத்தாலிய ஆய்வில் தலைவர்கள் எல்லோரும் நலமாக இருந்தார்கள். அன்பு இவ்வளவு ஓங்கிய இடத்தில் திறமை பற்றிய கேள்வி எப்படி அடங்குகிறது என்பதற்குத் தமிழகத்திலேயே ஆய்வு செய்ய வேண்டியிருக்கும்.

மறுமொழி – ஆர்.கே.புரம் ஓய்வூதியர்

படிவத்தில் வழக்கும் சொத்தும் இருக்கும். இரவு பத்து மணிக்குத் தண்ணீர் வராவிட்டால் தொலைபேசியை எடுப்பாரா என்பது இருக்காது. வேட்பாளர் முன்பு கவுன்சிலராக இருந்திருந்தால், அந்த வார்டில் இஸ்திரி போடுபவரிடமும் குடியிருப்புக் காவலாளியிடமும் விசாரியுங்கள்.