ஹாட் ராட் செய்ய ஹெரால்டா, வான்கார்டா?

வணக்கம் நண்பர்களே. ஹாட் ராட், அதாவது வேகத்துக்காக எஞ்சினையும் பாடியையும் மாற்றியமைத்த பழைய கார், என்றதும் எல்லோரும் 1932 ஃபோர்டு காரைத்தான் நினைக்கிறார்கள். எனக்கோ நம் சென்னையிலேயே தயாரான கார்தான் வேண்டும்.

மனம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு பக்கமே சாய்கிறது. தனி சேஸிஸ் (பாடியைத் தாங்கும் அடிச்சட்டம்) என்பதால் பாடியைப் பகுதி பகுதியாகக் கழற்றிவிடலாம். மட்கார்டுகளோடு பானட் முழுவதும் முன்னால் சாயும்போது எஞ்சினும் முன்சக்கரங்களும் கண்ணெதிரே நிற்கும். அந்த அழகு வேறு எந்தக் காரில் உண்டு? கவலையெல்லாம் பின்பக்க ஸ்விங் ஆக்சில்தான், அதாவது இரு சக்கரங்களும் தனித்தனியே மேலும் கீழும் ஆடும் அச்சு. வளைவில் வேகமாகத் திரும்பினால் சக்கரம் உள்வாங்கி மடங்கும். எஞ்சின் சக்தியைக் கூட்டினால் ஆபத்தும் கூடும். ஸ்டாண்டர்டு கஸெல் காரின் லைவ் ஆக்சிலை (இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே விறைப்பான அச்சு) பொருத்தியவர்கள் இருக்கிறீர்களா? புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்குமா?

முதுகு வளைந்த பழைய ஸ்டாண்டர்டு வான்கார்டும் பிடிக்கும், 2088 சிசி எஞ்சின். கண்ணாடி, ரப்பர் பீடிங் எங்கே வாங்குவது?

2021 விதிப்படி, பெரிதாக மாற்றப்படாத 50 வயது கடந்த வண்டிக்குத்தான் வின்டேஜ் பதிவு. ஆகவே நல்ல நிலையில் உள்ள காரை வெட்டமாட்டேன். துருப்பிடித்துக் கிடப்பதே போதும். எஞ்சின் மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி முறையாக வாங்கியவர்கள் வழி சொல்லுங்கள்.