புவியியலோடு எந்தத் துணைப்பாடம்? படித்தவர்கள் சொல்லுங்கள்

வாழைச்சேனையிலிருந்து:
தங்கச்சி ஏ.எல். (உயர்தரம்) முடித்து வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருக்கிறாள். புவியியல்தான் பிரதானம் என்று உறுதியாக நிற்கிறாள். கூட எதை எடுப்பது என்பதில் வீட்டில் ஆளுக்கொரு கதை. மாமா பொருளியல் என்கிறார், பக்கத்து வீட்டு அக்கா சமூகவியல் இலேசு என்கிறா. சமூக விஞ்ஞானப் பாடங்கள் எடுத்துப் படித்தவர்கள், களத்திலும் வேலையிலும் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

ஆரையம்பதியிலிருந்து:
நானும் வந்தாறுமூலைதான். புவியியல் சிறப்புப் பட்டம், கூடவே சமூகவியல். இலேசு என்பதற்காக அதை எடுக்கச் சொன்னால் தங்கச்சி கேட்கவே வேண்டாம். அது எனக்கு எங்கே கைகொடுத்தது என்று சொல்கிறேன்.

இறுதி வருட ஆய்வுக்குச் சுனாமிக்குப் பிந்திய மீள்குடியேற்றத்தை எடுத்தேன். 2004 டிசம்பர் 26இல் கடலோர நாவலடிக் கிராமத்துக்கு என்ன நடந்தது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அதன் பிறகு கடலோரத்தில் வீடு கட்டக்கூடாது என்று தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றரும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றரும் அரசாங்கம் ஒதுக்கியது. பிறகு அது தளர்த்தப்பட்டாலும் அதற்குள் நாவலடிச் சனங்கள் பலர் மீள்குடியேற்ற இடமான திராய்மடுவுக்குப் போய்விட்டார்கள். என் கையில் ஜி.ஐ.எஸ். (புவியியல் தகவல் முறைமை) வரைபடம் இருந்தது. எந்த வளவு அந்த 200 மீற்றருக்குள், புது வீட்டிலிருந்து கடலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எவ்வளவு தூரம், எல்லாம் அதில் இருந்தது. நல்ல வீடு கிடைத்த பிறகும் சில குடும்பங்களின் மனம் ஏன் பழைய வளவிலேயே நிற்கிறது என்பது மட்டும் அதில் இல்லை. தொழில் கடலில், அதனால்தான் என்று எழுதி முடித்திருக்கலாம். அதுவும் உண்மைதான்.

ஆனால் திராய்மடுவில் ஒரு அம்மம்மா தேத்தண்ணி தந்துவிட்டுச் சொன்னா: “வீடு தந்தாங்க புள்ள, குறை சொல்ல ஏலா. காணி உறுதியில மருமகன்ட பேர் கிடக்கு. அங்க நான் இருந்த வளவு என்ட அம்மா எனக்குத் தந்தது. நான் மகளுக்குக் குடுத்தன். இனி அவ தன்ட மகளுக்கு எதக் குடுக்கிற?”

மட்டக்களப்பில் பிறந்த எனக்கு இந்த வழக்கம் தெரியாததல்ல. எங்கள் வீடும் அம்மாவின் பெயரில்தான். குடி என்கிற குலம் தாய்வழியாக வரும், வீடு மகளுக்குப் போகும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இது இருக்கிறது. டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் அக்கரைப்பற்றில் தங்கி இதைப் பல காலம் ஆராய்ந்திருக்கிறார். வீட்டில் பார்த்துப் பழகிய இந்த வழக்கத்தை ஆய்வுக் கேள்வியாக மாற்றக் கற்றுத் தந்தது சமூகவியல் வகுப்புதான். ‘குடும்பத் தலைவர்’ என்று படிவத்தில் ஒரு கட்டம் போட்டு, அதில் ஆணின் பெயரை எழுதி, அந்தப் பெயருக்கே உறுதியும் கொடுத்தால், தலைமுறையாகப் பெண் கையில் இருந்த சொத்து சத்தமில்லாமல் கைமாறிவிடுகிறது. அம்மம்மா சொன்னது அதைத்தான்.

அதன் பிறகு என் வினாக்கொத்தில் மூன்று கேள்விகள் கூடின: பழைய வளவு யார் பெயரில் இருந்தது, தாய் எங்கே குடியிருந்தா, சகோதரிமார் எங்கே குடியிருந்தார்கள். வரைபடத்தில் அக்கா தங்கச்சிமாரின் வளவுகளை ஒரே நிறத்தில் போட்டேன். நாவலடியில் அடுத்தடுத்து இருந்தவர்கள் திராய்மடுவில் எப்படிச் சிதறினார்கள் என்று கண்ணுக்குத் தெரிந்தது. பிள்ளை பார்க்க, கடன் மாற, வருத்தம் துன்பத்துக்கு ஓடிவர இருந்த உறவெல்லாம் அந்த அடுத்தடுத்த வளவுகளில்தான் இருந்தது. புவியியல் மட்டும் படித்திருந்தால் இந்தக் கேள்விகள் எனக்கு வந்திருக்குமா என்பது சந்தேகம்.

அக்கரைப்பற்றிலிருந்து:
நான் படித்தது ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில். அரசறிவியலோடு பொருளியல் எடுத்தேன். அம்பாறை மாவட்டத்தில் இந்த இரண்டையும் பிரித்துப் படிப்பது கஷ்டம். 1949இல் கல்லோயா நீர்ப்பாசன, குடியேற்றத் திட்டம் தொடங்கியது, 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமானது. தண்ணீர், குடியேற்றம், வாக்கு எல்லாம் ஒரே கதைக்குள் வருகின்றன.

ஒரு ஒப்படைக்காகச் சிறுபோக நெற்செய்கைக்கான ஆரம்பக் கூட்டத்தில் போய் உட்கார்ந்தேன். தண்ணீர் திறக்கும் திகதி, விதைப்பு முடிக்கும் திகதி என்று பேச்சுப் போனது. யார் முன்வரிசை, யார் பேச்சு எடுபடுகிறது என்று அரசறிவியல் மாணவனாகக் குறித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததும் கடைக்கண்டத்துக் காக்கா ஒருவர், “தம்பி, வாய்க்கால்ட கடைசில இருக்கிறவனுக்குத் தண்ணி வாறதுக்குள்ள உழவு மெசினுக்குக் காசு ஏறிரும்” என்றார். தண்ணீர் பிந்தினால் ஏக்கருக்குச் செலவு எவ்வளவு கூடுகிறது என்று அவரோடு இருந்து கணக்குப் போட்டபோதுதான், மண்டபத்துக்குள் நடந்த வாக்குவாதம் எதற்காக என்று விளங்கியது. தங்கச்சிக்கு நீர், விவசாயம், நிலப்பயன்பாடு பக்கம் விருப்பம் என்றால் உங்கள் மாமா சொல்வது சரி.

கல்லடியிலிருந்து:
ஆசிரியையாகும் எண்ணம் இருந்தால் இதையும் யோசியுங்கள். உயர்தரக் கலைப்பிரிவில் புவியியல், பொருளியல், அரசியல் விஞ்ஞானம், வரலாறு, அளவையியலும் விஞ்ஞான முறையும் எல்லாம் பாடங்களாக உண்டு. சமூகவியல் இல்லை. அதைப் பிரதானமாகப் படித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனவர்கள் வேறு பாடம் படிப்பிக்க வேண்டிவருகிறது. தங்கச்சிக்குப் பிரதானம் புவியியல் என்பதால் அந்தப் பயம் இல்லை, துணைப்பாடத்தை விருப்பப்படி எடுக்கலாம்.

வாழைச்சேனையிலிருந்து:
எல்லோருக்கும் நன்றி. அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மம்மா சொன்னதைத் திரும்ப வாசிக்கச் சொன்னாள். துணைப்பாடத்தில் எத்தனை அலகு எடுக்கவேண்டிவரும்?

ஆரையம்பதியிலிருந்து:
நான்கு வருடச் சிறப்புப் பட்டம் 120 கிரெடிட், மூன்று வருடப் பொதுப் பட்டம் 90. சிறப்பில் பெரும்பகுதியைப் பிரதான பாடமே எடுத்துக்கொள்ளும். அதனால் துணைப்பாடத்தில் கிடைக்கும் அலகுகளைப் பார்த்துத் தெரியவேண்டும். ஆய்வு முறையியல், குடும்பமும் உறவுமுறையும், கிராமிய சமூகம் போல ஏதாவது இருந்தால் விடவேண்டாம். புள்ளிவிபரவியல் தனியாக இருந்தால் அதையும் எடுக்கச் சொல்லுங்கள், இறுதி வருட ஆய்வில் உதவும். முதல் வருடப் பெறுபேற்றை வைத்துத்தான் சிறப்புக்கு எடுப்பார்கள். பீடத்தின் கைநூலில் அவளுடைய ஆண்டுக்குரிய நிபந்தனையைப் பார்த்துவிட்டு, நேரசூசியில் இரண்டு பாட விரிவுரைகளும் மோதாமல் இருக்கிறதா என்று பதிவுக்கு முன்னரே திணைக்களத்தில் கேட்கச் சொல்லுங்கள்.