மறு: மீன்தொட்டி விளக்கை ஏற்றி இறக்கும் பொறிக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம். மீன்தொட்டிக்கு மேல் தொங்கும் விளக்கை ஏற்றி இறக்கும் கருவியைப் பற்றிய கட்டுரைக்குச் சொற்பட்டியல் ஒன்று தேடுகிறோம். இழையில் நீங்கள் எழுதியவற்றை மேற்கோளாக வைத்துப் பதில் சொல்கிறேன்.

> 'விளக்கேற்றி' என்றே வைத்துவிடலாம். சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம்தான். ஆனால் விளக்கேற்றுவது என்றால் நமக்குச் சுடர் கொளுத்துவது. படிக்கிறவர் மனம் தீப்பெட்டிக்குத்தான் போகும். 'ஏற்றிறக்கி' என்று நீட்டினாலும் முன்னால் 'விளக்கு' வந்து நின்றதும் அதே இடறல்.

> மேலே மட்டும் போகவில்லையே, கீழேயும் வருகிறதே. 'தூக்கி' எப்படிப் பொருந்தும்?

தாராளமாகப் பொருந்தும். சிங்கப்பூரில் மின்தூக்கி என்பது அன்றாடச் சொல். அதில் மேலே போகிறவர்கள் அதிலேயே இறங்கியும் வருகிறார்கள். இலங்கையில் பாரந்தூக்கி பாரத்தை இறக்கியும் வைக்கிறது. ஆகவே என் முன்மொழிவு: விளக்குத்தூக்கி.

இதன் தலையில் 'மின்' வேண்டாம். மின்விளக்குத்தூக்கி என்றால் 'மின்' விளக்கோடு ஒட்டிக்கொள்ளும். கையால் சுற்றும் கருவி தூக்குவதும் மின்விளக்கைத்தானே. 'கைவிளக்குத்தூக்கி'யிலும் அதே சிக்கல், கைவிளக்கு வேறு பொருள். பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் மோட்டார் விளக்குத்தூக்கி, கைச்சுற்று விளக்குத்தூக்கி என்று எழுதலாம். மோட்டார் நம் எழுத்தில் நெடுநாளாகப் புழங்கும் சொல், அதை விரட்ட வேண்டியதில்லை. மண்டபத்துச் சரவிளக்கைத் துடைக்க இறக்குகிற பொறிக்கும் இதே பெயர் செல்லும்.

உள்ளிருக்கும் உறுப்புகளுக்குத்தான் சொற்பஞ்சம். உப்புநீர்த் தொட்டியில் உயிருள்ள பவளம் வளர்ப்பவர்கள் கனத்த விளக்குச் சட்டத்தை நீர்மட்டத்துக்கு மிக அருகில் தொங்கவிடுகிறார்கள். தொட்டிக்குள் கைவிட வேண்டுமானால் அது மேலே போக வேண்டும். வேலை முடிந்ததும் பழைய உயரத்துக்கே திரும்ப வேண்டும். உயரம் மாறினால் பவளத்துக்குக் கிடைக்கும் வெளிச்சமும் மாறிவிடும். அதனால் எளிய அமைப்பு இதுதான்: மோட்டார், அதன் தண்டில் இரண்டு உருளைகள், ஒவ்வோர் உருளையிலிருந்தும் ஒரு கம்பிவடம், கூரையில் கப்பிகள். தேரிழுப்பது வடம், கிணற்றில் இருப்பது கப்பி. இரண்டும் நம் கையிலேயே இருக்கும் சொற்கள். 'எஃகுக் கயிறு' என்று புதிதாகக் கட்ட வேண்டாம். உப்புநீர்த் தொட்டிக்கு மேல் எல்லாவற்றிலும் உப்புப் பூக்கும் என்பதால் துருப்பிடிக்காத எஃகில் செய்த கம்பிவடம் நல்லது.

உருளையில் ஒரு நுணுக்கம் உண்டு. வடம் ஒரே அடுக்காக, சுற்றோடு சுற்று ஒட்டிப் படிய வேண்டும். ஒரு பக்கத்து வடம் தன் மேலேயே ஏறிச் சுற்றிவிட்டால் அந்த உருளையின் விட்டம் கூடிவிடும். ஒரே சுழற்சியில் அந்தப் பக்கம் அதிகமாக இழுபட்டு விளக்கு சாயும். இந்தக் கோளாறுக்குப் பெயர் வைக்கும்போது 'மேல்சுற்று' என்றால் போதும் என்று தோன்றுகிறது.

> வோர்ம் கியருக்குப் 'புழுப் பற்சக்கரம்'?

இதை மட்டும் நான் ஏற்கவே மாட்டேன். மோட்டார் உருளைத் தண்டைச் சுழற்றும் அந்த இடத்தில் புழு எதுவும் இல்லை, 'worm' என்ற ஆங்கிலப் பெயரில்தான் இருக்கிறது. இருப்பது ஒரு திருகு, அது சுழலச் சுழலப் பற்சக்கரத்தின் பல் ஒவ்வொன்றாக நகர்கிறது. திருகுப் பல்லிணை என்பேன். கார்க் கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டாரில் இருப்பது இதுதான். சென்னைப் புதுப்பேட்டையில் பழைய வண்டி உறுப்புகளோடு இந்த 12 வோல்ட் மோட்டாரைத் தேடலாம்.

இதன் அருமை, மின்சாரம் நின்ற பிறகு தெரியும். திருகு பற்சக்கரத்தைச் சுழற்றும். திருகின் சாய்வு குறைவாக இருந்தால், பற்சக்கரத்தால் திருகைத் திருப்பிச் சுழற்ற முடியாது, உராய்வு பிடித்துக்கொள்ளும். விளக்கின் எடை கீழே இழுத்தாலும் அது நின்ற இடத்தில் நிற்கும். இந்தப் பண்புக்குத் 'தற்பூட்டு' என்று ஒருவர் எழுதியிருந்தார். பூட்டு என்றதும் விழாது என்ற உறுதி வந்துவிடுகிறது. அதிர்வில் இந்தப் பிடி மெல்ல நழுவக்கூடும். பின்சுழலாமை என்றால் நடப்பதை மட்டும் சொல்கிறது. தண்ணீருக்கு மேல் மின்விளக்கு தொங்கும் இடத்தில் இந்த வேறுபாடு பெரியது. காப்புச் சங்கிலி தனியாக வேண்டும் என்பதையும் கட்டுரையில் கட்டாயம் எழுதுங்கள்.

கடைசியாக, உச்சியிலும் அடியிலும் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச். 'வரம்பு ஆளி' இலக்கணப்படி சரியே. ஆனால் 'ஆளி' இலங்கையில் புரியும் அளவுக்குத் தமிழ்நாட்டில் புரிவதில்லை. எல்லைச் சுவிட்ச் என்றால் இரு கரையிலும் புரியும். ஒவ்வொரு சுவிட்சுக்கும் குறுக்கே ஒரு டையோடு (மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் உறுப்பு) வைப்பார்கள்: உச்சியைத் தொட்டதும் மேலே போகும் திசைக்கான மின்னோட்டம் அறுபடும், எதிர்த்திசை மின்னோட்டம் டையோடு வழியே பாய்ந்து விளக்கை இறக்கும். டையோடு இல்லாவிட்டால் விளக்கு உச்சியிலேயே மாட்டிக்கொள்ளும்.

திருகுப் பல்லிணைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் பட்டறைகளில் வழங்குகிறது என்றால் அதை இழையில் எழுதுங்கள். என் சொல்லை விட்டுவிட்டு அதையே பட்டியலில் சேர்ப்போம்.