25 கிலோ மூட்டை ஒன்றுக்குத்தான் இடம்: மாரிஸ் ஆட்டரா, பில்ஸ்னரா?

கேள்வி:
கிழக்கு லண்டனில் சின்ன ஃப்ளாட். இரண்டு வருடமாக வீட்டில் பீர் காய்ச்சுகிறேன், மாதம் ஒரு தடவை, 20 லிட்டர். இதுவரை ஒவ்வொரு தடவையும் அரைத்த மால்ட்டாக (முளைகட்டி உலர்த்திய பார்லி) ஐந்து கிலோ வாங்கி வந்தேன், மூட்டையாக எடுத்தால் கிலோவுக்கு நன்றாகவே குறைகிறது. ஆனால் கட்டிலுக்கு அடியில் ஒரு மூட்டைக்குத்தான் இடம், அதற்கே மனைவி முறைக்கிறார். காய்ச்சுவது பெரும்பாலும் பிட்டர், பேல் ஏல், குளிர்காலத்தில் வறுத்த மால்ட் போட்ட கறுப்பு ஸ்டவுட். அடுத்து அரிசி போட்டு ஒரு லாகர் (குளிரில் மெதுவாக நொதிக்கும் பீர்) செய்யவும் ஆசை. பேஸ் மால்ட்டாக, அதாவது பீரில் பெரும்பங்கு போடும் மால்ட்டாக, எதை எடுக்கலாம், மாரிஸ் ஆட்டரா, பில்ஸ்னரா?

பதில் 1:
பில்ஸ்னர், லாகருக்குப் போடும் வெளிர் மால்ட். நிறம் 3, 4 ஈபிசிதான் (நிற அளவு, எண் குறைந்தால் வெளிர்) வரும், அதனால் எந்தப் பீருக்கும் ஒத்துப்போகும். நிறமும் சுவையும் கூடிய மியூனிக் மால்ட் கொஞ்சம் சேர்த்தால் பேல் ஏலுக்குத் தேவையான கனம் வந்துவிடும், ஆனால் நிறம் கூடிய மால்ட்டை வெளுக்க வைக்க வழியே இல்லை. ஒன்று மட்டும், 90 நிமிடம் மூடாமல் கொதிக்க விடுங்கள், இல்லையென்றால் வேகவைத்த சோளம் மாதிரி ஒரு வாடை நின்றுவிடலாம்.

பதில் 2:
மேலே சொன்னது லாகர் காய்ச்சுகிறவருக்குச் சரி. இவர் வருடத்தில் பத்துத் தடவை பிட்டரும் ஏலும் காய்ச்சுகிறார், எப்போதோ வரப்போகிற ஒரு லாகருக்காக மூட்டை முழுவதையும் பில்ஸ்னராக எடுப்பானேன்? மாரிஸ் ஆட்டர் எடுங்கள். 1960களில் கேம்பிரிட்ஜில் உருவாக்கிய பார்லி ரகம், வயலில் விளைச்சல் குறைவு என்பதால் விலை கொஞ்சம் கூடுதல், ஆனால் பிஸ்கட் மாதிரி ஒரு சுவை அதில் தானாகவே இருக்கிறது. காசு உதைத்தால் சாதாரண பேல் ஏல் மால்ட் போதும், ஸ்டவுட்டில் வித்தியாசம் தெரிவதாக யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

அப்புறம் லண்டன் தண்ணீர். கெட்டிலில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தக் கார்பனேட்தான் மாஷின் (மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும் கலவை) பிஎச்சை மேலே தூக்குகிறது, அதாவது புளிப்பைக் குறைக்கிறது. வறுத்த மால்ட்டின் புளிப்பு அதை இறக்கிவிடும், போர்ட்டர் என்ற கறுப்பு பீர் இந்த ஊரில் வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். வெளிர் மால்ட்டுக்கு அந்தச் சக்தி கிடையாது, பில்ஸ்னர் என்றால் இன்னும் மோசம். எதை வாங்கினாலும் பேல் ஏலுக்குக் கொஞ்சம் லாக்டிக் ஆசிட் விட்டு பிஎச்சை 5.2க்கும் 5.6க்கும் நடுவில் கொண்டுவாருங்கள்.

பதில் 3:
ரகத்தை விடுங்கள், அரைக்காத மால்ட்டாக வாங்குங்கள். மில் வாங்கச் சோம்பல்பட்டு நான் அரைத்த மூட்டை எடுத்தேன். மூன்று மாதம் கழித்துத் திறந்தால் பழைய அட்டைப்பெட்டி வாசனை, ஒரு மூலையில் அரிசி வண்டு வேறு, பாதியைக் கொட்டினேன். முழு மணியாக இருந்தால் ஈரம் படாத, வெயில் படாத இடத்தில் ஒரு வருடம்கூடத் தாங்கும். 25 கிலோ கிட்டத்தட்ட 50 லிட்டர் இடம் பிடிக்கும், இறுக்கமான மூடியுள்ள 30 லிட்டர் வாளி இரண்டு வாங்கிவிடுங்கள். அவ்வப்போது நாலு மால்ட் மணியை வாயில் போட்டுக் கடித்துப் பாருங்கள், மொறுமொறுவென்று உடையாமல் சவசவவென்று இருந்தால் ஈரம் ஏறிவிட்டது.

மில் இல்லையே என்று மிக்ஸியில் மட்டும் போடாதீர்கள். உமி தூளாகி, வடிக்கும்போது களி மாதிரி அடைத்துக்கொள்ளும். உருளை மில்லில் இடைவெளி 1.2 மில்லிமீட்டர் வைத்துத் தொடங்கலாம்.

கேள்வி கேட்டவர்:
சரி, முழு மணி மாரிஸ் ஆட்டர், இரண்டு வாளி. மில்லுக்கு ஆகும் செலவை வீட்டில் சொல்ல ஒரு நல்ல நேரம் பார்க்கவேண்டும். அரிசி லாகருக்கு இதே மால்ட் தாங்குமா?

பதில் 2:
ஐந்தில் ஒரு பங்கு அரிசி என்றால் தாராளமாகத் தாங்கும், நிறம் மட்டும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அரிசியை அப்படியே போட்டுவிடாதீர்கள், பெரும்பாலான ரகங்களின் மாவுச்சத்து மாஷின் 65 டிகிரி சூட்டில் சரியாக இளகாது. தனியாகக் கஞ்சி பதத்துக்குக் குழைய வேகவைத்துச் சேருங்கள். உப்பு போடாமல்!